மகளுக்கும் சேர்த்துத்தான் கயிறு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டால் இந்தப் பதில் யாருக்கோ எழுதியதாகிவிடும் என்பதால் புதுச்சேரி வைத்திக்குப்பம் என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

எட்டு வயது மகன் பள்ளி விட்டு வந்தால் போனும் கையுமாகக் கட்டிலில் கிடக்கிறான். பன்னிரண்டு வயது மகள், போன வருடம் வரை தெருவெல்லாம் ஓடித் திரிந்தவள், சடங்கு முடிந்த பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் விடலாமென்றால் பைக் ஓயாமல் போகிறது. ‘வீட்டுக்குள்ளேயே செய்கிற மாதிரி ஏதாவது உடற்பயிற்சி சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தீர்கள். இதைப் படித்த அலுவலக நண்பர் ஒருவர், “கடலை எதிரே வைத்துக்கொண்டு இப்படியும் கேட்பார்களா?” என்றார். அவர் வைத்திக்குப்பத்தைப் பார்த்ததில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு உங்கள் கரை தெரிவது மாசி மகத்தன்றுதான். மயிலம் முருகன் முதல் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் ஓடியாட எவ்வளவு பெரிய இடம் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அந்த இடத்துக்கு நடந்தது என்னவென்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக 1980-களின் இறுதியில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. இந்தக் கடலில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்தது, அதற்கும் வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஒவ்வொரு குப்பமும் மணலைப் பறிகொடுத்தது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்த செயற்கைத் திட்டு, சில ஆண்டுகளாக நகரத்துப் பக்கம் கொஞ்சம் மணலைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. குப்பத்துப் பிள்ளை சடுகுடு ஆடிய மணல், கரைவலை இழுக்கும் பெரியவர்களோடு தானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்த மணல், அந்த அளவுக்குத் திரும்பவில்லை.

இதை எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ‘என் பிள்ளைகள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள்’ என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. முன்பு பிள்ளையை விளையாட வைக்க எந்தத் தாயும் யோசித்ததில்லை. சாப்பிடக் கூப்பிடுவதுதான் அவளுக்குப் பாடாக இருந்தது. மணலும் கூட விளையாடப் பத்துப் பிள்ளைகளும் வாசலிலேயே இருந்தார்கள். அவை போன பிறகு பிள்ளை உட்கார்ந்துவிட்டது. இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததும் இல்லை. 146 நாடுகளில் 11 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றிய கணக்குகளைத் திரட்டி உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றில் 81 பிள்ளைகளுக்குப் போதுமான ஓடியாட்டம் இல்லை. பையன்களில் 78, பெண் பிள்ளைகளில் 85. அந்த ஏழு பேர் வித்தியாசத்தை மனதில் வையுங்கள், உங்கள் மகளைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

போதுமானது என்று அவர்கள் சொல்வது, 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. காலையில் பத்து, மாலையில் முப்பது, படுக்கும் முன் கொஞ்சம் என்று சேர்ந்தாலும் கணக்குத்தான். ஒரு நாள் குறைந்தால் மறுநாள் கூடலாம். ஆனால் மூச்சு வாங்க வேண்டும். விளையாடும்போது பிள்ளையால் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் சரியான வேகம். அதோடு வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் பலம் தருகிற குதித்தல், தொங்குதல், தள்ளுதல், இழுத்தல் இருக்க வேண்டும் என்கிறது அந்த நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வளரும் வயதில் எலும்பு வாங்கிக்கொள்கிற உறுதிதான் பிற்பாடு நாற்பது, ஐம்பது வயதில் செலவுக்கு இருக்கும்.

சரி, பயிற்சி. தண்டால், பஸ்கி என்று பட்டியல் போட்டுக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. மூன்று நாள் செய்வார்கள், நான்காம் நாள் நீங்கள் கத்துவீர்கள். பிள்ளைக்கு உடற்பயிற்சி என்ற ஒன்று தனியாகத் தேவையே இல்லை, விளையாட்டுப் போதும். உங்கள் வீட்டில் மொட்டைமாடி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.

முதல் பொருள் கயிறு. கடலுக்குப் போகிறவர் வீட்டில் கயிற்றுக்குப் பஞ்சமா? மிச்சக் கயிற்றில் சுண்டுவிரல் தடிமனுள்ளதாக ஒன்றை எடுங்கள். பிள்ளை அதன் நடுவே ஒரு காலால் மிதித்து நிற்கட்டும், இரண்டு முனையும் அக்குள் வரை வந்தால் சரியான நீளம். கூடுதலாக இருந்தால் வெட்டி, பிடிக்குமிடத்தில் இரண்டு முடிச்சுப் போடுங்கள், வழுக்காது. நைலான் மெல்லியதாக இருந்தால் காற்றில் அலையும், சுழலாது, அதனால் கொஞ்சம் கனமுள்ளதே நல்லது. தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பினால் போதும். முன்பாதத்தில் இறங்க வேண்டும், முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். சிமெண்டுத் தரை என்பதால் பழைய கான்வாஸ் ஷூ இருந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் அரை நிமிடம் குதித்து அரை நிமிடம் நின்றால் போதும். எட்டு வயதுக்காரனுக்கு முதல் வாரம் கயிறு காலில் சிக்கிக்கொண்டே இருக்கும். கோபப்பட்டு வீசியெறிவான். அப்போது நீளமான கயிற்றின் ஒரு முனையை மாடிக் கம்பியில் கட்டி, மறுமுனையை நீங்கள் சுற்றுங்கள், அவன் நடுவே வந்து குதிக்கட்டும். அறைக்குள் மட்டும் வேண்டாம், மேலே மின்விசிறி இருக்கிறது.

கோலமாவோ சுண்ணாம்புக் கட்டியோ இருந்தால் மாடியில் பாண்டிக் கட்டம் போடலாம். நொண்டிக்கொண்டே போய்ச் சில்லைத் தாண்டி வருகிற அந்த ஆட்டம், ஒற்றைக்காலில் உடலைத் தாங்குகிற பயிற்சி. இதையேதான் மத்திய அரசு வேறு பெயரில் பள்ளிகளில் அளந்து பார்க்கச் சொல்கிறது. கேலோ இந்தியா உடல்தகுதித் தேர்வில் 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு, ஒற்றைக்காலில் நின்று ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தடுமாறுகிறார்கள் என்பது ஓர் அளவு. இன்னொன்று, மேசைமீது இரண்டு வட்டங்களை வைத்து ஒரு கையால் மாற்றி மாற்றி எவ்வளவு வேகமாகத் தட்டுகிறார்கள் என்பது. இரண்டையும் இரவு மின்சாரம் போன நேரத்தில்கூட வீட்டுக்குள் ஆடலாம். அக்காவையும் தம்பியையும் எதிரெதிரே ஒற்றைக்காலில் நிற்க வைத்துவிட்டு நீங்கள் எண்ணிப் பாருங்கள், வீடு இரண்டாகும். அந்தச் சத்தத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

பச்சைக்குதிரை, ஒருவர் கால்களைத் தூக்கிப் பிடிக்க மற்றவர் கைகளால் நடப்பது, சுவரில் பந்தடித்துப் பிடிப்பது, மாடிப்படியில் ஓடி ஏறி நடந்து இறங்குவது என்று உங்களுக்கே தெரிந்தவை நிறைய. பந்து விளையாடுவதாக இருந்தால் கைப்பிடிச் சுவர் பிள்ளையின் மார்புக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கீழே விழுந்த பந்தை எட்டிப் பார்ப்பதில்தான் ஆபத்து. மழை நாளில் அறைக்குள் பாட்டைப் போட்டுக் குத்தாட்டம் ஆட விடுங்கள். மூன்று பாட்டு முடிவதற்குள் சட்டை நனைந்துவிடும். போனைப் பிடுங்குவதைவிட அந்தப் போனிலேயே பாட்டைப் போட்டுவிட்டு அதைக் கைக்கெட்டாத அலமாரியில் வைப்பது எளிது.

அறையைவிட மாடிக்கு நான் சாய்வதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. பகல் வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரில் ஆறு வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் வழக்கப்படி இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியில் விட்டவர்களில் 30.4 பேருக்கு. 2015-ல் வெளிவந்த ஆய்வு இது. வெயில் தாழ்ந்த ஐந்தரை மணிக்கு மாடிக்கு அனுப்பினால் கண்ணாடிக் கடைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடலாம். கத்திரியில் அந்த நேரத்திலும் தளம் கொதிக்கும், அப்போது காலை ஆறு மணிதான்.

படிப்பு கெடும் என்று உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது அரசுப் பள்ளிகளும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் அந்தப் பயம் கூடியிருக்கும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் என்பவர் 2009-ல் ஒன்பது வயதையொட்டிய பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்து தேர்வெழுதியபோது, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுதியதைவிட அவர்களின் கவனம் கூர்மையாக இருந்தது. சிறு சோதனைதான், பெரிதாக ஊத மாட்டேன். ஆனால் விளையாடிவிட்டு வந்த பிள்ளை படிக்காது என்பதற்கு இந்த அளவு ஆதாரம்கூடக் கிடையாது. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது எந்த அறிவியலின்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி மகள். உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி இரண்டே வரிதான் இருக்கிறது, மிச்சமெல்லாம் மகன். எனக்கு அந்த இரண்டு வரிதான் பெரிதாகப் பட்டது. பையன் உட்கார்ந்திருக்கிறான், அவனை எழுப்பினால் போதும். அவள் உட்காரவில்லை, உட்கார வைக்கப்பட்டிருக்கிறாள். ‘இனி என்ன ஓட்டம்’ என்று மாமியார் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நூற்றுக்கு ஏழு பேர் என்று மேலே சொன்ன வித்தியாசம் இப்படிப்பட்ட வார்த்தைகளில்தான் பாதி உண்டாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

புதுச்சேரியைப் பற்றி எழுதினால் பாரதியை இழுக்காமல் முடியாது என்பார்கள். முயன்று பார்க்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்தால் எட்டிவிடுகிற ஓர் இடத்தில் இந்தக் கேள்விக்கு எண்பது வருடப் பழைய பதில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தில் 1943 டிசம்பர் 2 அன்று சிறுவர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. 1945-ல் பிரணாப் குமார் பட்டாச்சார்யா கொஞ்சம் பிள்ளைகளை வைத்து அங்கே உடற்கல்வியை ஆரம்பித்தார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. தியானம் செய்கிற இடத்தில் ஓட்டமும் குதிப்பும் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 1949-ல் உடற்கல்விக்கென்றே ஒரு காலாண்டிதழ் தொடங்கி, அரவிந்தரே அதில் எழுதினார். ஆசிரமத்தை நடத்திவந்த அன்னை எழுபது வயதைத் தாண்டியும் கடலோரத்து மைதானத்தில் டென்னிஸ் ஆடினார். இதில் உங்களுக்கு நான் சொல்ல வருவது, அங்கே பெண் பிள்ளைகளும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பையன்கள் செய்ததையெல்லாம் செய்தார்கள் என்பது. தாவணி வயதுப் பெண் வாசலில் நின்றாலே ஊர் பேசிய காலம் அது. இன்றும் ஆண்டுதோறும் டிசம்பர் 2 அன்று அவர்கள் நடத்தும் உடற்பயிற்சிக் காட்சியில் சிறுமிகள் முதல் பெரியவர்கள் வரை இறங்குகிறார்கள்.

அவர்களுக்கு மைதானம் இருந்தது, முழுநேரம் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, குப்பத்து வீட்டோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை என்று நீங்கள் சொன்னால், சரிதான். ஆசிரமத்துச் சுவருக்கு உள்ளே நடந்தது வெளியே பெரிதாகப் பரவவும் இல்லை. ஆனால் அங்கிருந்து காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடியவை உண்டு. மாலையானால் அந்த நேரம் விளையாட்டுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். பெரியவர்களும் கூட இறங்கினார்கள். பெண் என்பதற்காக யாரையும் ஓரத்தில் உட்கார வைக்கவில்லை.

மாதவிலக்கு நாட்களில் குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்ற பேச்சு உங்கள் பக்கமும் இருக்கும். அப்படி எதுவும் கிடையாது. வலி அதிகமில்லாத பிள்ளை வழக்கம்போல விளையாடலாம். லேசாக உடம்பை அசைத்தால் பலருக்கு வலி குறையவும் செய்கிறது. உண்மையான தடைகள் வேறு, வெளியில் சொல்லக் கூச்சமானவை. அவளுக்குச் சரியான அளவில் இறுக்கமான உள்ளாடை இருக்கிறதா? மாடியில் குதிக்கும்போது எதிர்வீட்டு மாடியிலிருந்து யாராவது பார்க்கிறார்களா? துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே கயிறு சுற்ற முடியாதே? கொடியில் இரண்டு பழைய புடவையை மறைப்பாகப் போடுங்கள், டிராக் பேண்டும் தளர்ந்த பனியனும் வாங்கிக் கொடுங்கள். ஜன்னலோரத்திலிருந்து அவள் தானாக எழுந்து வருவாள்.

எழுந்து வந்தும் சீக்கிரமே மூச்சிரைத்து உட்கார்ந்தால் திட்டாதீர்கள். ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பையில் போட்டுக்கொண்டு வருகிறாளா என்று ஒரு நாள் கேளுங்கள்.

வீட்டு வேலையும் உடல் அசைவுதானே, அவள்தான் தண்ணீர் தூக்குகிறாள், துணி பிழிகிறாளே என்றும் கேட்டிருந்தீர்கள். கணக்கில் வரும். குடம் தூக்குவதும் போர்வை பிழிவதும் நல்ல பலப்பயிற்சிதான். அப்படியென்றால் அந்தப் பயிற்சி மகனுக்கும் வேண்டுமே? அவளுக்கு வேலை, அவனுக்கு விளையாட்டு என்று பிரித்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் பன்னிரண்டு வயதுக்குப் புரியாமல் போகாது. குடத்தைப் பாதியாக்கி அவன் கையில் கொடுங்கள். மிச்சமாகும் நேரம் அவளுக்கு மாடியில்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடாமல் இருக்க ஜப்பான்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. 1928-லிருந்து அங்கே வானொலியில் உடற்பயிற்சி இசை ஒலிபரப்பாகிறது. காலை ஆறரை மணி, மூன்று நிமிடம், பதின்மூன்று அசைவுகள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் தெருமுனைப் பூங்காவில் பெரியவர்களோடு நின்று அதைச் செய்துவிட்டு, கழுத்தில் தொங்கும் அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவும் அதே அசைவைச் செய்வதால் பிள்ளைக்குத் தண்டனையாகத் தெரிவதில்லை. உங்கள் வீட்டில் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் தாளில் மாடிக்குப் போன நாளெல்லாம் மகனே ஒரு கோடு போட்டுக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டால் நீங்கள் சொல்லாமலே ஐந்தரைக்குக் கதவு தட்டப்படும். நீங்களும் ஏறிப்போக வேண்டும். குழம்பு கொதிக்கிற நேரம் என்று தெரியும், பத்து நிமிடம் முன்னதாக அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். கட்டிலிலிருந்து “போய் விளையாடு” என்று சொல்கிற குரலுக்கு எந்தப் பிள்ளையும் அசைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்காரர் விடியலுக்கு முன்பே கடலுக்குப் போய் வந்து மாலையில் அயர்ந்து தூங்குகிறார் என்கிறீர்கள். அவரை எழுப்ப வேண்டாம். விசைப்படகுக்காரர் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் 61 நாள் கரையில்தான் இருப்பார், பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வந்துவிடும். அப்போது அவருக்கென்று ஒரு வேலை வைத்திருக்கிறேன். கடலோரத்தில் பிறந்தும் உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் நீந்தத் தெரியாது என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். கல் கொட்டிய இடத்தில் இறங்கவே கூடாது, அலை தூக்கிக் கல்லில் அடிக்கும். மணலும் அமைதியான தண்ணீரும் உள்ள இடம் எது, எந்த நேரத்தில் இழுப்பு இருக்காது என்பதெல்லாம் எந்தப் பயிற்சியாளரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். விடியற்காலையில், இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போகாமல், ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையாக இறக்கட்டும். முதலில் மகளைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மாமியார் ஏதாவது கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், பத்திரிகை விலாசம் அட்டையிலேயே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளன்